ரோட்டுப் பக்கம் போகாத தரகர்

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை முடித்து வை என்பார்கள். அருப்புக்கோட்டையில் எனக்குத் தெரிந்த கல்யாணத் தரகர் ஒருவர் இருந்தார். அவர் ஒரு பொய்கூடச் சொல்லாமல் ஊர் ஊராகக் கல்யாணங்களை முடித்து வைத்தார். தில்லுமுல்லு செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. நிறையவே செய்தார். வாயால் செய்யவில்லை, சைக்கிளால் செய்தார்.

பெயரைச் சொல்ல மாட்டேன். அவர் சேர்த்து வைத்த ஜோடிகள் இன்னும் அந்தப் பக்கத்தில் பேரன் பேத்தியோடு இருக்கிறார்கள், இத்தனை காலம் கழித்து அவர்கள் வீட்டில் சண்டை மூட்டுவானேன். ஊரே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டது. இங்கேயும் அதுவே இருக்கட்டும்.

வற்றல் உடம்பு. மடித்துக் கட்டிய வேட்டியை இன்னொரு தடவை தூக்கிச் செருகியிருப்பார். தலையில் துண்டு. வாயில் எந்நேரமும் வெற்றிலை. பதில் சொல்ல இஷ்டமில்லாத நேரத்தில் அந்த வெற்றிலை இரண்டு பங்காகிவிடும். அவருடைய சைக்கிளுக்கு மட்கார்டு கிடையாது. மழைக்காலத்தில் கரிசல் மண் சக்கரத்தில் அப்பி மட்கார்டுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். அப்புறம் சைக்கிள் நம்மைச் சுமக்காது, நாம்தான் சைக்கிளைச் சுமக்க வேண்டும். அதனால் வாங்கிய கையோடு இரண்டு மட்கார்டையும் கழற்றிப் பரணில் போட்டுவிட்டார். உடைமுள் ஏறாமலிருக்க டயருக்குள்ளே பழைய டயரைக் கீறி ஒரு சுற்று வைத்திருந்தார். கைப்பம்பு பாரோடு சேர்த்துக் கட்டியிருக்கும். கேரியருக்கு மட்டும் ராஜ மரியாதை. பட்டறையில் சொல்லி அடித்த அகலமான கேரியர், அதன்மேல் சாக்குக்குள் பஞ்சு அடைத்துத் தைத்த மெத்தை.

"பொண்ணு வீட்டுக்காரவுக உக்காருற எடம் தம்பி. அவுகளுக்கு எதுவும் உறுத்தக்கூடாது" என்பார்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்கு ரோடு உண்டு. பரளச்சிக்கும் உண்டு. பஸ்ஸும் போய் வந்தது. ஆனால் மாப்பிள்ளை வீடு பார்க்க அவர் கூட்டிக்கொண்டு போன யாரும் அந்த ரோடுகளைப் பார்த்ததில்லை. ஊரைத் தாண்டியதும் ஏதாவது ஒரு வேலிச் சந்தில் சைக்கிள் நுழைந்துவிடும். அதற்கப்புறம் வண்டிப்பாதை, வாய்க்கால் கரை, கண்மாய்க் கரை, பனங்காடு, கருவேலங்காடு, குண்டாற்று மணல் என்று போய், மாப்பிள்ளை வீட்டுக் கொல்லைப்புறத்தில்தான் தலை காட்டும். முன்வாசல் வழியாக அவர் யாரையும் கூட்டிக்கொண்டு போனதாக எனக்கு நினைவில்லை.

நான் அப்போது ஒரு பருத்திக் கடையில் எடை போடும் வேலையில் இருந்தேன். அறுபதுகளின் பின்பாதி. கடைக்கு எதிரேதான் அவர் சைக்கிளை நிறுத்திவிட்டு வெற்றிலை வாங்குவார். ஒருநாள் வாயைக் கொடுத்தேன்.

"ஏன் அண்ணாச்சி, ரோட்டை விட்டுட்டு இப்படிக் காடு மேடெல்லாம் சுத்துறீக?"

"தம்பி, கல்யாணம் சாதகத்துல கலையிறதில்ல. டீக்கடை பெஞ்சுல கலையுது."

அவர் சொன்னதில் தப்பில்லை. பெண் கொடுக்க வருகிறவர்கள் மாப்பிள்ளை ஊருக்கு ஒரு மைல் முன்னாலிருக்கும் டீக்கடையில் இறங்கி, ஒரு டீயைச் சொல்லிவிட்டு, "இன்னார் வீடு எப்படிங்க?" என்று கேட்பது எங்கள் பக்கத்தில் கட்டாயச் சடங்கு. தாலி கட்டாமல்கூடக் கல்யாணம் நடந்துவிடலாம், டீக்கடையில் விசாரிக்காமல் நடக்காது. பெஞ்சில் இருப்பவருக்கு அந்தக் குடும்பத்தோடு ஒரு பகையும் இருக்காது. "நல்ல குடும்பந்தான்..." என்று ஆரம்பித்து, மீதியைச் சொல்லாமல் டீயை ஆற்றுவார். அவ்வளவுதான், வந்தவர்கள் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். அண்ணாச்சி அந்த டீக்கடைகளைத்தான் சுற்றிக்கொண்டு போனார்.

இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் சீமை தண்ணியில்லாக் காடு. ரோட்டு வழியாகப் போனால் அது நன்றாகவே தெரியும். அண்ணாச்சியின் பாதையில் போனால் தெரியாது. ஐப்பசி கார்த்திகை மழை முடிந்ததும் அவருடைய தொழில் சூடு பிடிக்கும். எந்தக் கண்மாயில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, எந்தக் கரையில் வேம்பு தழைத்திருக்கிறது, எந்தக் காட்டுக்குள் மயில் நிற்கும் என்று பார்த்துப் பார்த்துப் பாதை போடுவார். சித்திரையில் அவரைப் பார்த்தால், கோடைக்கு மட்டும் செய்யும் துணி வியாபாரத்தைப் பற்றிப் பேசுவார், கல்யாணத்தைப் பற்றிப் பேச மாட்டார்.

ஒரு தை மாதம் காரியாபட்டிப் பக்கத்துத் தானிய வியாபாரி ஒருவரைக் கேரியரில் வைத்துக் கூட்டிப் போனார். அந்த மனிதர் ஆள் கனம். கண்மாய்க் கரையில் ஏறி ஒரு சுற்றுப் போய், கருவேலங்காட்டுக்குள் இறங்கி, பனைகளுக்குள் வளைந்து வளைந்து ஓட்டி, அதே கரையில் வேறு பக்கமாக ஏறினார். வியாபாரி வாயைப் பிளந்துவிட்டார்.

"இந்த ஊருக்கு ரெண்டு கம்மாயா அண்ணாச்சி?"

"நீங்க எத்தனை பாத்தீக?"

"ரெண்டு பாத்தேன்."

"அப்பப் பெறகென்ன."

கல்யாணம் முடிந்து மறு வருஷம் அந்த வியாபாரி இரண்டாவது கண்மாயைத் தேடி ஒரு பகல் முழுக்க அலைந்ததாக ஊரில் பேச்சு. கோபத்தோடு அருப்புக்கோட்டைக்கு வந்தார். அண்ணாச்சி அவருக்குப் பக்குவமாக வெற்றிலை மடித்துக் கொடுத்து, "நான் ரெண்டுன்னு என் வாயால சொன்னேனா?" என்று கேட்டார். அவர் சொல்லவில்லைதான். வியாபாரி வெற்றிலையை வாங்கிப் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார்.

அதுதான் அந்த மனிதருடைய விசேஷம். நேராக ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டால் அவருக்குப் பொய் வராது. முகம் சுருங்கிப்போய், பாகற்காயைக் கடித்தவர் மாதிரி உண்மையைச் சொல்லிவிடுவார். எந்தச் சாமிக்கு எப்போது நேர்ந்துகொண்டாரோ தெரியாது, கேட்டாலும் சொல்ல மாட்டார். ஆகவே கேள்வியே வராமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் தொழிலின் சூட்சுமம். ஒற்றையடிப் பாதை அதற்கு வசதி. ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். பின்னாலிருந்து ஏதாவது கேள்வி கிளம்பினால், "முள்ளு, முள்ளு. கீழ பாத்து வாங்க" என்பார். கேட்டவர் கீழே பார்ப்பார். கேள்வி போய்விடும்.

பிடிவாதமாக ரோட்டில்தான் போக வேண்டும் என்று அடம்பிடித்தவர்களும் உண்டு. அவர்களையும் மறுக்க மாட்டார், கூட்டிக்கொண்டு போவார். வருஷம் முழுக்க முள்காட்டில் ஓடியும் பஞ்சராகாத அவருடைய டயர், ரோட்டில் டீக்கடை கண்ணில் பட்டதும் காற்று இறங்கிவிடும். "இந்தா இப்படிக் காட்டுக்குள்ள எறங்கிட்டா பஞ்சர் ஒட்டுற ஆளு ஒருத்தர் இருக்காரு" என்று உருட்டிக்கொண்டு போவார். அந்த ஆள் அவரேதான்.

இதையெல்லாம் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தவன்தான் நான். என் தங்கைக்கு அவர் ஒரு வரன் கொண்டு வந்த அன்றைக்குச் சிரிப்பு நின்றுபோனது.

மாப்பிள்ளை பரளச்சிக்கும் திருச்சுழிக்கும் நடுவே ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர். எங்கள் சொந்தத்திலேயே முன்னொரு காலத்தில் நிலம் தேடி அந்தப் பக்கம் போன குடும்பம். கொஞ்சம் கரிசல் காடு, பருத்தி, ஒரு சின்னப் பலசரக்குக் கடை. அப்பாவுக்கு முழங்கால் பிடிப்பு, சைக்கிளில் உட்கார முடியாது. வீடு பார்க்க நான்தான் போக வேண்டும்.

கிளம்புவதற்கு முதல் நாள் தங்கை என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். எங்கள் தெருவில் அப்போது தண்ணீர்ப் பாடு பெரும்பாடு. நினைவு தெரிந்த நாள் முதல் குடத்தோடு ஊருக்கு வெளியே கிணறு கிணறாக அலைந்தவள் அவள். இடுப்பில் குடம் வைக்கும் இடம் காய்த்துப் போயிருந்தது.

"மாப்பிள்ளை எப்படி இருந்தாலும் சரிண்ணே. கறுப்போ செவப்போ, கடை பெருசோ சிறுசோ, எனக்கு ஒண்ணும் இல்ல. சித்திரையில கொடத்தத் தூக்கிக்கிட்டு ஆலாப் பறக்குற ஊர்ல மட்டும் என்னையக் கொண்டு போயித் தள்ளிராதீக."

அவள் அதுவரை என்னிடம் எதையும் கேட்டதில்லை. பொங்கலுக்குப் பாவாடைகூட அம்மா எடுத்ததைத்தான் கட்டுவாள். அவள் கேட்ட இந்த ஒன்றையாவது சரியாகப் பார்த்து வர வேண்டும் என்று மனதில் பாரம் ஏறிவிட்டது. கூட்டிப் போகிறவரோ ஒரு கண்மாயை இரண்டாகக் காட்டுகிறவர்.

தை மாதக் காலை ஒன்றில் மார்க்கெட் பக்கம் வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு போய் நின்றேன். அண்ணாச்சி என் சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்தார்.

"ரோட்டுலயே போயிருவோம் அண்ணாச்சி" என்றேன் முந்திக்கொண்டு.

"போவோமே. சரளையக் கொட்டிப் பரப்பிப் போட்டுருக்கான், ரோலர் இன்னும் வரல. உங்க வாடகைச் சைக்கிளு, உங்க பல்லு."

விசாரித்தேன். சரளை கொட்டியிருந்தது நிஜம். வேலிச் சந்துக்குள் நுழைந்தோம்.

இப்போது சொல்கிறேன், அந்தப் பயணம் மாதிரி ஒரு சுகத்தை நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை. பகலெல்லாம் பஞ்சுத் தூசிக்குள் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். கண்மாய்க் கரையில் ஏறியதும் ஒரு பக்கம் பரந்து கிடந்த தண்ணீரில் நீர்க்காகங்கள் முங்கி எழுந்துகொண்டிருந்தன. மறுபக்கம் கம்மங்கதிர். சைக்கிள் சக்கரத்துக்கடியில் சின்னச் சின்னச் சரளைக்கல் நொறுங்கும் சத்தம் மட்டும்தான். கருவேலங்காட்டுக்குள் போனால் தலைக்கு மேலே மஞ்சள் பூ, குனிந்து குனிந்து ஓட்ட வேண்டியிருந்தது. ஆற்றுக்கு வந்ததும் அண்ணாச்சி இறங்கி இரண்டு சைக்கிளுக்கும் கொஞ்சம் காற்றை இறக்கினார். காற்றுக் குறைந்தால் சக்கரம் மணலில் புதையாதாம். ஆற்றில் கணுக்கால் அளவு தண்ணீர் தெளிவாக ஓடியது. தங்கையை இந்த ஊருக்குக் கொடுத்தால் தேவலை என்று மனசு தானாகவே சொல்லிவிட்டது. உடனே சுதாரித்துக்கொண்டேன். சொல்ல வைத்தது யார் என்று எனக்குத் தெரியுமே.

"அண்ணாச்சி, சித்திரையில இந்தத் தண்ணி இருக்குமா?"

"முள்ளு தம்பி. கீழ பாத்து வாங்க."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி கேட்டேன். வெற்றிலை வாயோடு ஏதோ முனகினார், விளங்கவில்லை. மூன்றாம் தடவை சைக்கிளை நிறுத்திவிட்டு, "பதில் சொன்னாத்தான் வருவேன்" என்றேன். அவர் நிற்கவே இல்லை. புதர் வளைவில் திரும்பி மறைந்துவிட்டார். எனக்கோ திரும்பிப் போகவும் வழி தெரியாது. விழுந்தடித்து மிதித்துப் போய் அவரைப் பிடித்தேன்.

மாப்பிள்ளை வீட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாப்பிள்ளையின் அம்மா இடுப்பெலும்பு முறிந்து கூடியவர், கம்பை ஊன்றித்தான் நடந்தார். கருப்பட்டிக் காபியும் காரச் சேவும் வந்தன. மாப்பிள்ளை நல்ல உயரம், அகலமான தோள், கூச்ச சுபாவம். பேச்சுக் கொடுக்கலாமென்று, "சைக்கிள் ஓட்டுவீகளா?" என்று கேட்டேன்.

அவர் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "எப்பவாச்சும் ஓட்டுவான்" என்று வெடுக்கென்று சொன்னார். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். அண்ணாச்சி ஒரு பிடி சேவை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.

கைகழுவக் கொல்லைப்புறம் போனபோது பார்த்தேன். சோளத்தட்டைப் போருக்கு அடியிலிருந்து ஒரு சைக்கிளின் பின்சக்கரம் துருத்திக்கொண்டிருந்தது. யாரோ அவசரமாகத் தட்டையை வாரிப் போட்டு மூடியிருக்கிறார்கள். ஒரு வீட்டில் சைக்கிளை எதற்கு ஒளித்து வைக்க வேண்டும்? திருட்டு வண்டியோ? கடன்காரனுக்குப் பயந்தோ?

திரும்பும்போது நடு ஆற்றில் கேட்டேன். "அந்தச் சைக்கிளை எதுக்கு அண்ணாச்சி மறைச்சு வச்சிருக்காக?"

"முள்ளு தம்பி."

நாங்கள் நின்றிருந்தது வெறும் மணல். கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு புல்கூடக் கிடையாது.

வீட்டுக்கு வந்து பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். கண்மாய் நிறைந்திருக்கிறது, ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது, சித்திரைக்கு என்ன கதி என்று தெரியவில்லை, ஒரு சைக்கிளை ஒளித்து வைத்திருக்கிறார்கள். அப்பா தாடையைத் தடவினார். அம்மாவுக்குத் தோள் அகலத்தைச் சொன்னதுமே பிடித்துவிட்டது. அண்ணாச்சி முடிவு கேட்க மறுநாள் வந்து உட்கார்ந்தார். அம்மா மோர் கொடுத்தாள். அவர் சொம்பை வாயருகே கொண்டு போனபோது அடுக்களைக் கதவுக்குப் பின்னாலிருந்து என் தங்கையின் குரல் வந்தது.

"சித்திரையில அந்த ஊர்ல தண்ணிக்கு எங்க போவாக?"

கல்யாணப் பெண் தரகரிடம் வாய் திறந்து பேசுவது அன்றைக்கு எங்கள் வீடுகளில் கேள்விப்படாதது. அம்மா, "ஏத்தா, சும்மா கெட" என்று அதட்டினாள். ஆனால் கேள்வி கேட்டாகிவிட்டது. அண்ணாச்சி முள் என்று சொல்லிப் பார்க்கச் சுற்றிலும் சிமெண்டுத் தரைதான் இருந்தது. சொம்பைக் கீழே வைத்தார்.

"ஆத்துக்குத்தான் தாயி. தண்ணி ஓடாது. மணலத் தோண்டி, ஊத்துல அகப்பையால எறைக்கணும். போக வர மூணு மைலு ஆகும்."

அப்பா, "அப்ப வேண்டாம் அண்ணாச்சி. மன்னிச்சுக்கிடுங்க" என்றார். அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். எனக்குப் பாரம் இறங்கின மாதிரியும் இருந்தது, ஏதோ நழுவிப் போன மாதிரியும் இருந்தது.

"யாரு போவாக?" என்று மறுபடியும் கதவுக்குப் பின்னாலிருந்து குரல்.

அண்ணாச்சி நின்றுவிட்டார். அவர் முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததில்லை.

"அத மட்டும் கேக்காத தாயி. அந்த அம்மாவுக்கு வாக்குக் குடுத்துருக்கேன்."

"கேட்டுட்டேனே."

மறுபடி உட்கார்ந்தார். மோரை ஒரே மூச்சில் குடித்தார்.

"மாப்பிள்ளதான் போறாரு. அவுக அம்மாவுக்கு இடுப்பு ஒடிஞ்ச நாள்ல இருந்து அவருதான் கொடம் எடுக்காரு. சைக்கிள்ல ரெண்டு பக்கமும் தட்டு அடிச்சு, பழைய டியூபால நாலு கொடத்தக் கட்டி, காட்டு வழியாவே போயிட்டு வாராரு. ஊருக்குள்ள ஒரே கேலி. பொம்பளை வேலை பாக்குறவன்னு பேரே வச்சுட்டாக. ரெண்டு எடத்துல இருந்து பொண்ணு குடுக்க வந்தாக. ரோட்டு டீக்கடையில இதக் கேட்டுட்டு அப்படியே திரும்பிட்டாக. அந்த அம்மா என் கையப் பிடிச்சு அழுதுச்சு. சைக்கிளை ஒளிச்சு வச்சதும் அதுக்குத்தான்."

கண்மாய் நிறைந்திருப்பதைக் காட்டவோ, சித்திரையை மறைக்கவோ அவர் என்னைக் காட்டுக்குள் சுற்றியடிக்கவில்லை. ஒரு ஆண்பிள்ளை தண்ணீர் எடுக்கிறான் என்பதை மறைக்கத்தான் அத்தனை சுற்று.

அம்மா கன்னத்தில் கைவைத்தாள். "ஆம்பளை கொடந் தூக்குறதா? ஊரு சிரிக்காதா? வேண்டவே வேண்டாம்."

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாக" என்று தங்கை கதவை விட்டு வெளியே வந்தாள். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது. "அண்ணே, நாள் பாக்கச் சொல்லுங்க."

அப்பா என்னைப் பார்த்தார், நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் காலிச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு, எதை மறைக்க வேண்டும் எதைக் காட்ட வேண்டும் என்பதே மறந்துபோனவராக உட்கார்ந்திருந்தார். எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

கல்யாணம் வைகாசியில் நடந்தது. அதற்கப்புறம் அண்ணாச்சிக்கு ஒரு புது உற்சாகம் பிறந்தது. அடுத்து ஒரு பெண் வீட்டாரை, தன் தொழில் வாழ்க்கையிலேயே முதன்முறையாக, நேர் ரோட்டில் கூட்டிக்கொண்டு போய் டீக்கடை பெஞ்சிலேயே உட்கார வைத்தார். அந்த மாப்பிள்ளை அம்மாவுக்குத் துணையாக ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டுகிறவன் என்று பெஞ்சில் சொன்னார்கள். பெண்ணின் தகப்பனார் டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடிவிட்டார். அண்ணாச்சி நேரே என் கடைக்கு வந்து நின்றார்.

"உங்க தங்கச்சி பேச்ச நம்பி ரோட்டுல போனேன். டீக்குக் குடுத்ததுதான் மிச்சம்."

"அந்தப் பொண்ணைக் கேட்டீகளா அண்ணாச்சி?"

"அவுக அப்பந்தான் ஓடிட்டாரே, யாரக் கேக்குறது?" என்று வெற்றிலையைத் துப்பினார். மறுநாளே பழையபடி வேலிச் சந்துக்குள் நுழைந்துவிட்டார். ஆனால் ஒன்று மட்டும் மாறியது. பெண் வீட்டை விட்டுக் கிளம்பும்போது அடுக்களைப் பக்கம் திரும்பி, "தாயி, எதுவும் கேக்கணுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் படியிறங்குவார். கேட்டுவிடக் கூடாதே என்று கும்பிடாத குறையாக நிற்பார் என்பது வேறு விஷயம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு சித்திரை. மழை பொய்த்து, எங்கள் பக்கத்தில் கண்மாயெல்லாம் வெடித்துக் கிடந்த வருஷம். தங்கையைப் பார்க்கக் கிளம்பினேன். ஊத்தும் வற்றிவிட்டதோ, மாப்பிள்ளை சலித்துக்கொண்டாரோ, அவள் இடுப்பில் மறுபடியும் குடம் ஏறிவிட்டதோ என்று வழியெல்லாம் கவலை. பஸ்ஸில் போயிருக்கலாம். ஆனால் எனக்கும் அந்தக் காட்டுப்பாதை பிடித்துப் போயிருந்தது. கருவேலங்காட்டுக்குள் முன்னால் ஒரு சைக்கிள் போய்க்கொண்டிருந்தது. அண்ணாச்சி. கேரியரில் ஒரு பெரியவர்.

சித்திரையில் அவர் தொழில் பார்க்க மாட்டாரே என்று எனக்கு ஆச்சரியம். பெண் வீட்டாருக்கு ஏதோ அவசரமாம், அடுத்த முகூர்த்தத்துக்குள் முடிக்க வேண்டுமாம். என் தங்கை வாக்கப்பட்ட ஊரில்தான் இந்த மாப்பிள்ளையும். கருவேலம் எந்தக் கோடையிலும் பச்சையாக நிற்கும். அதனால் காட்டை விட்டு வெளியே வராமலேயே ஊருக்குள் நுழைய ஒரு பாதை போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு வரும்படி கண்ணால் சொன்னார். நான் பின்னாலேயே போனேன்.

ஆற்றிலிருந்து ஏறி வரும் பாதை எங்கள் பாதையோடு சேரும் இடத்தில் ஆற்றுப் பக்கமிருந்து ஒரு சைக்கிள் வந்தது. நாலு பித்தளைக் குடம். தண்ணீர் தளும்பாமலிருக்க மேலே வேப்பங்குலை. ஓட்டி வந்தது என் தங்கை.

பெண்பிள்ளை சைக்கிள் ஓட்டி அதுவரை எங்கள் பக்கத்தில் யார் பார்த்தது? சேலையை வரிந்து கட்டி, முன்சக்கரத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டு வந்தவள், எங்களைக் கண்டதும் ஒரு காலை ஊன்றி நின்றாள். முகமெல்லாம் வியர்வை. முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணே, வாங்க. வெள்ளனே போயிட்டு வந்துருவேன். இன்னிக்கு ஊத்து சொரக்க நேரமாயிருச்சு."

மாப்பிள்ளைதான் பழக்கிவிட்டிருக்கிறார். ஆற்று மணலில், விழுந்தாலும் அடிபடாத இடமாகப் பார்த்து. ஒரு நாள் அவர், ஒரு நாள் இவள். ஊர்க் கண்ணில் படாமல் போய் வர இந்தக் காட்டுவழி. இதையெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டேன். அந்த நேரத்தில் கேரியரிலிருந்த பெரியவர் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

"யாரு இந்தப் பொண்ணு?"

"நான் முடிச்சு வச்ச பொண்ணு" என்றார் அண்ணாச்சி.

"தண்ணி எங்க இருந்து வருது?"

"ஆத்துல இருந்து."

"நாம பாக்கப் போற வீட்டுக்கும் ஆத்துத் தண்ணிதானா?"

"ஆமா."

"அங்க யாரு எடுப்பா?"

அண்ணாச்சி கீழே பார்த்தார். பாதை முழுக்க முள்ளாகத்தான் கிடந்தது. அவர் அதைச் சொல்லவில்லை.

"பொண்ணு வந்தா பொண்ணுதான் எடுக்கணும். அந்தப் பய கொடத்தத் தொட மாட்டான்."

பெரியவர் மெத்தையை விட்டு இறங்கினார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் தங்கையை ஒரு தடவை, குடங்களை ஒரு தடவை பார்த்தார்.

"ரோடு எந்தப் பக்கம்?"

அண்ணாச்சி கையைக் காட்டினார். பெரியவர் போய்விட்டார்.

"என்னால உங்களுக்கு ஒரு கல்யாணம் போச்சே அண்ணாச்சி" என்றாள் தங்கை.

"போனா என்ன தாயி, வாற கார்த்திகைக்கு வேற வரும்." குனிந்து அவளுடைய சைக்கிளைப் பார்த்தார். "பின்சக்கரத்துல காத்தக் கொறைச்சவ திருப்பி ஏத்தலையே. இந்தக் கனத்துக்கு டியூபு கிழிஞ்சுரும்." பாரிலிருந்து பம்பை அவிழ்த்து, முள்ளின் மேலேயே முழங்காலை மடித்து உட்கார்ந்து அடித்தார். நான் குடங்கள் சாயாமல் பிடித்துக்கொண்டேன். அடித்து முடித்து டயரை விரலால் அழுத்திப் பார்த்தார்.

தங்கை ஏறினாள். ஊருக்குப் போகும் பக்கம் கரை ஏற்றம். அண்ணாச்சி கேரியரைப் பிடித்துப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஓடினார்.

"விடுங்க அண்ணாச்சி, நானே ஏறிருவேன்."

கையை எடுத்துவிட்டார். சைக்கிள் ஒரு பக்கம் ஆடியது, ஒரு குடத்திலிருந்து கொஞ்சம் தண்ணீர் சிந்தியது. அப்புறம் நிதானமாகி, அவள் மிதித்து ஏறிப் போய்விட்டாள். அண்ணாச்சி இரண்டு கையையும் இடுப்பில் வைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு, அவள் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.